அழுக்கு ஓடினான்

7.10.1969, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை. எல்லாம் ஒரு விகுதியால் வந்த வினை.

கம்பெனி சோப்பு விளம்பரத்துக்கு முதலில் 'அழுக்கு ஓடியது' என்றுதான் எழுதினேன். அஃறிணைக்கு அதுதான் சரி. ஆனால் படிக்கச் சப்பென்று இருந்தது. வேண்டுமென்றே 'அழுக்கு ஓடினான்' என்று மாற்றினேன். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். இப்போது மண்ணூர்பேட்டைச் சுவரெல்லாம் அதுதான்.

இன்று மாலை டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு முனுசாமி லேத்துப் பட்டறையிலிருந்து சட்டையெல்லாம் கிரீஸோடு வந்தான். பெஞ்சில் இருந்த ஒருவன், "அழுக்கு வரான், தள்ளிக் குந்துங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முனுசாமியும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே டீயைக் குடித்தான்.

சேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது, கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் கோவம்? எம் பொண்ணே அப்டித்தான் கூப்டுது. செவுத்துல பாத்து கத்துகினு வந்துகீது. அது எழுத்துக்கூட்டிப் படிச்ச மொத வரியே அதான் சார்."

எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றாகப் படிக்கிறாளே என்று ஏதோ உளறினேன்.

அழுக்குக்கு ஆண்பால் விகுதி போட்டபோது, அதற்கு ஓர் ஆளைத் தேடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமி இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறான். சோப்பு வாசனை இங்கே வரை வருகிறது. எங்கள் சோப்புதான்.