சிவப்புக் கோடும் மஞ்சள் கோடும்

டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது போல என் தலையைத் தட்டி "இலக்கி" என்று கூப்பிடும் என் சித்தப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதக் கூடாதாம், அம்மா சொல்கிறார். பிறகு எப்படித் தொடங்குவது? நாங்கள் நலம். உங்கள் முதல் வருஷத் திதி போன மாதம் முடிந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டேன். உங்கள் நீல பைக் மறுபடியும் ஓடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதில்தான் எனக்கு எல்லாமே குழப்பமாக இருக்கிறது.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தய டிராக்கில் ஒரு நாள் பயிற்சிக்கு நீங்களும் சித்தியும் பேர் கொடுத்திருந்தீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. திதி முடிந்த மறுநாள் காலையில் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே சித்தி சொன்னார், "அக்கா, நான் அந்த டிராக்குக்குப் போறேன். அவரு வண்டியிலயே ஓட்டப் போறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன மீனா இது? நேத்துதான் திதி முடிஞ்சிருக்கு. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்க்கா. வண்டிச் சத்தத்துல எனக்குக் காதுல விழாது."

அப்பா எழுந்து போய்ச் செல்போனை எடுத்தார். வண்டியை ஏற்றிப் போக யாருடைய குட்டி யானை லாரி கிடைக்கும் என்று போனில் விசாரிக்க ஆரம்பித்தார். உங்கள் அண்ணன் சரி என்று சொல்வது அப்படித்தானே?

ஆனால் ஒரு வருஷம் கொட்டகையில் பூட்டிக் கிடந்த வண்டி. சேவியர் மாமா பட்டறையில் விடலாம் என்று சித்தி சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயும் போயும் சேவியர் மாமாவா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் அவரிடம் பின் டயரை மாற்றினீர்கள். மறுநாள் குத்தாலம் போகும் வழியில் சக்கரம் ஆடியது. அச்சைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு லூசாக இருந்ததாம். வீட்டுக்கு வந்து நீங்கள் கத்தியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அவனுக்குப் பத்து வண்டி. எனக்கு இருக்கிறது ஒரே வண்டி. இனிமே எந்த மெக்கானிக் கையும் இது மேல படக் கூடாது!"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் சாக்கு, சாக்கின் மேல் நீங்கள். ஆண்டு விழா நடனத்துக்காக நான் வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷையும் எடுத்துக்கொண்டீர்கள். முடுக்கிய ஒவ்வொரு நட்டிலும், அது உட்கார்ந்திருக்கும் இரும்பிலுமாகச் சேர்த்து ஒரே கோடு இழுத்தீர்கள். "கோடு நேரா இருந்தா நட்டு நகரல. ஒடைஞ்சிருந்தா நகந்துருச்சு. மனுசன நம்பாத இலக்கி, கோட்ட நம்பு."

நம்பினேன். அதனால் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிப் போவதற்கு முன் ஒவ்வொரு கோட்டையும் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து நோட்டில் குறித்தேன். எல்லாம் நேராக இருந்தன. பின் சக்கர நட்டில் மட்டும் உங்கள் சிவப்புக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. நட்டின் மேல் ஒரு பாதி, இரும்பின் மேல் ஒரு பாதி. இரண்டுக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி. அதற்குப் பக்கத்தில் நான் முன்பு பார்த்திராத ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. முன் பிரேக் போல்ட்டுகளிலும் மஞ்சள். கொட்டகைச் சாவி சித்தியின் கொத்திலேயே இருந்தது. அப்படியானால் உங்கள் வண்டியைத் தொட்டது யார்?

பட்டறைக்குள் நுழைந்ததுமே விடை தெரிந்துவிட்டது. மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் பெயிண்ட் டப்பா, அதில் செருகிய ஒரு குச்சி.

"வாங்க தங்கச்சி," என்று சித்தியைக் கூப்பிட்டார் சேவியர் மாமா. நான் நடுவில் புகுந்தேன். "எங்க சித்தப்பா வண்டிய நீங்க எப்ப பிரிச்சீங்க? யாரக் கேட்டுப் பிரிச்சீங்க?"

அவர் என்னையும் என் நோட்டையும் பார்த்தார். "அடேயப்பா, போலீசு வந்துருக்கு. சாரு சொல்லலியா பாப்பா? வியாழக்கிழம மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வருவாரு. வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்பாரு. ஒண்ணர வருசமா வந்தாரு."

நான் நோட்டை மூடினேன். சித்திதான் கேட்டார், "வியாழக்கிழமையா? அவரு சட்டைக் கையில மஞ்சக் கறை இருக்கும். சாம்பார ஊத்திக்கிட்டு வந்திருக்கீங்க, கையில ஓட்டையான்னு திட்டுவேன். ஆமா, ஆபீஸ்ல இன்னிக்கு முருங்கக்கா சாம்பாருன்னு சொல்லுவாரு!"

சொல்லிவிட்டுச் சித்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எதற்கு முதலில் வருத்தப்படுவது என்று தெரியவில்லை.

நடந்ததைச் சேவியர் மாமா சொன்னார். சண்டை போட்டுப் போன சில மாதங்களில் நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றீர்களாம். "'சக்கரம் ஆடுது சேவியர், ஆனா கோடு நேராத்தான் இருக்கு'ன்னாரு. பாத்தா, நட்ட முடுக்காமலே கோடு போட்டிருக்காரு. அப்புறம் அது எப்படி ஒடையும்? நான் முடுக்கினேன், அப்பதான் ஒடைஞ்சுது. பக்கத்துல என் மஞ்சளப் போட்டேன்."

"அப்ப முதல் தடவை? குத்தாலம் போறப்ப ஆடுச்சே, அதுவும் சித்தப்பா தப்பா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது நானா இருக்கலாம் பாப்பா. டயர் மாத்தினது நான். அப்புறம் சாரும் செயின டைட் பண்றேன்னு அந்த நட்டக் கழட்டினதாச் சொன்னாரு. யாரு கடைசியா முடுக்கினதுன்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. நான் இல்லவே இல்லன்னு சொன்னா நீ நம்பிருவியா?"

சித்தப்பா, நான் இதை என்ன செய்வது? தப்பே செய்யாதவர் என்று நான் நினைத்த நீங்கள் முடுக்காமல் கோடு போட்டிருக்கிறீர்கள். தப்பு செய்தவர் என்று நான் நினைத்தவர் "நானா இருக்கலாம்" என்கிறார். இதில் யாரை நம்பிச் சித்தியை அந்த டிராக்கில் விடுவது? கோடு நேராக இருந்தாலே போதாது என்றும் இப்போது தெரிந்துவிட்டது.

"விடும்மா, அவரே பாக்கட்டும்," என்றார் சித்தி. "உங்க சித்தப்பாவே இவருகிட்டதான வந்தாரு?"

அடுத்த சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷப் பழைய பெட்ரோலை வடித்தார். ஆயில் மாற்றினார். பிரேக்கைப் பிரித்துச் சேர்த்தார். கடைசியில் பின் சக்கர நட்டை முடுக்கிவிட்டு ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "சந்தேகம் இருக்குல்ல? இழு." காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தேன். நகரவில்லை. உங்கள் உடைந்த கோட்டை அவர் துணியால் துடைக்கப் போனபோது மட்டும் தடுத்தேன். "அது இருக்கட்டும் மாமா." அவர் தன் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புது மஞ்சள் கோடு போட்டார். நான் பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து அதன் பக்கத்திலேயே சிவப்புக் கோடு போட்டேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கோடு கோணாமல் போடும் மும்முரத்தில் நான் கேட்கவில்லை. அது என்ன என்று பின்னால் தெரிந்தது.

டிராக் நான் நினைத்தது போல இல்லை. மேடு பள்ளமே இல்லாத கருப்பு ரோடு, நடுவில் காய்ந்த புல். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளில் டேப் ஒட்டச் சொன்னார்கள். வண்டியைச் சோதித்தவர் பின் நட்டைப் பார்த்து, "என்னங்க இது, ரெண்டு கலரு?" என்றார். "ரெண்டு பேர் பாத்தது சார்," என்றேன். உடைந்த பழைய கோட்டையும் எண்ணினால் மூன்று பேர்.

இரவல் தோல் உடையில் சித்தியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முதல் சுற்றில் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது சுற்றில் நேர் ரோட்டில் அவர் குனிந்து வந்த வேகத்தைப் பார்த்து அப்பா எழுந்தே நின்றுவிட்டார். தூரத்து வளைவில் வண்டி மறையும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். திரும்பி வந்ததும் விடுவேன்.

ஐந்தாவது சுற்றில் சித்தி திரும்பி வரவில்லை.

மற்ற வண்டிகள் எல்லாம் வந்துவிட்டன. ஒருவர் ஆபத்து என்று காட்டும் மஞ்சள் கொடியை ஆட்டினார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. எனக்கு அந்த நட்டு மட்டும்தான் கண்ணில் நின்றது. நான் இழுத்தபோது நகரவில்லையே, ஆனால் நான் என்ன பெரிய பலசாலியா? சேவியர் மாமாவைத் திட்டினேன். உங்களையும் திட்டினேன். மன்னித்துவிடுங்கள், மிகவும் மோசமாகத் திட்டினேன்.

கடைசியில் டிராக்கைச் சுற்றி வரும் வேனில் சித்தி வந்தார், பின்னால் வண்டியும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் சொன்னது, "ஏன்டி இலக்கி, இத்தன கோடு போட்டியே, பெட்ரோல் போட்டியாடி?"

பழைய பெட்ரோலை வடித்துவிட்டுச் சேவியர் மாமா ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் ஊற்றியிருந்தார். "போற வழியில டாங்க நெரப்பிக்குங்க" என்பதுதான் நான் கேட்காமல் விட்ட வார்த்தை. வண்டி லாரியில் போனதால் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

சித்தி சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்து பார்த்தேன். சிவப்பு நேராக இருந்தது. மஞ்சளும் நேராக இருந்தது. உங்கள் கோட்டின் இரண்டு பாதிகள் மட்டும் பழையபடியே விலகி இருந்தன. அவை இனிச் சேரப் போவதில்லை, இல்லையா? முதல் தடவை அந்த நட்டை லூசாக விட்டது யார் என்பதும் எனக்குத் தெரியப் போவதில்லை. ஞாயிறன்று கோட்டை நம்பு என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை ஒரு மனிதரை நம்பிப் போனீர்களே, உங்களுக்கும் என்னைப் போலவே குழப்பம்தானா? அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே சித்தப்பா. நான் சிரித்திருப்பேன், அவ்வளவுதான்.

உங்கள் ரகசியத்தை இப்படி யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வாக்குத் தருகிறேன். இனி வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் நானும் சித்தியும் பட்டறைக்குப் போவோம், ஒளிக்காமல், கடைத்தெரு வழியாகவே. முதலில் டாங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். சேவியர் மாமா சொல்வதை முழுதாகக் கேட்பேன். ஸ்பேனரை ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் கோடு போடுவேன்.

உங்கள் அண்ணன் மகள்,
அந்த நெயில் பாலிஷின் சொந்தக்காரி,
இலக்கி