நாற்பத்தைந்தாவது, நாற்பத்தாறாவது துளைகள்

1965 நவம்பர் 9. காலை எட்டு மணி பத்து நிமிடம். துளைகள் நாற்பத்தாறு.

நான் போட்டது நாற்பத்து நான்கு. உன் ஜீப்பின் இரண்டு பக்கமும் மண்டியிட்டு இரண்டு முறை எண்ணிவிட்டேன். இடப்பக்க ஆங்கிள் இரும்பில் இருபத்திரண்டு, வலப்பக்கத்தில் இருபத்து நான்கு. கூடுதலான அந்த இரண்டையும் போட்டவன் நீ. போன வருஷம் அதற்காக உன்னோடு சண்டை பிடித்தேன். எதற்காகப் போட்டாய் என்று மட்டும் பொறுமையாகக் கேட்டதில்லை. ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. இனி யாரைக் கேட்பது?

ஜீப் இன்று காலை அட்டுவம்பட்டிக்கு, என் பட்டறைக்கு வந்தது. ஓட்டிவந்தவர் உன் மச்சான். பக்கத்தில் அவர் தங்கை, உன் மனைவி, சந்தைக்குப் போகும் பையோடு. இப்போது ஜீப்பை ஓட்டுவது மச்சான்தான். பகலில் ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகை ஓட்டம், சாயங்காலம் மேல்மலையில் உங்கள் ஊருக்குத் திரும்புவது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். வந்ததும் வராததுமாக, "அண்ணே, இந்த ரெண்டு ஆங்கிளையும் வெரசா அறுத்து எறிங்க. ஏறி எறங்குற பொம்பளையாளுக சேலையெல்லாம் மாட்டிக் கிழியுது, என்னையப் போட்டு ஏசுறாக" என்றார்.

அரை மணி நேரச் சோலி. ரம்பத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். அறுத்த இரும்பு வேறு வேலைக்கு ஆகுமே என்று துளைகளை எண்ணியதில்தான் மாட்டிக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கும். பட்டாள ஏலத்தில் எடுத்த இந்த ஜீப்போடு நீ முதன்முதலாக வந்து நின்ற அன்று நான் பாலிடெக்னிக் முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "பூண்டு மூட்டைய ஏத்துனா ஆளுக்கு எடமில்ல, ஆள ஏத்துனா மூட்டைக்கு எடமில்ல. வெளிய தொங்கவிட ஏதாச்சும் பண்ணுலே எஞ்சினியரு" என்றாய். என்னென்ன தொங்கும், ஒவ்வொன்றும் எத்தனை எடை, பட்டியல் கொடு என்றேன். அதற்குத் தக்கபடி கொக்கிகளை வெல்டு வைத்துவிடலாம் என்பது என் திட்டம். நீ சிரித்தாய்.

"வெல்டு வைக்காதலே. நாளைக்கு என்ன தொங்கும்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டைய மட்டும் போடு."

இது என்ன வேலை முறை என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் பக்கத்துக்கு ஒரு எல் வடிவ ஆங்கிள் இரும்பை முன் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை ஏறும் படியின் உயரத்தில் பிடித்து, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டுக் கொடுத்தேன்.

இன்று அந்தத் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பு பொய் சொல்லாது. பின்பக்கத்து நான்கு துளைகள் கீழ்நோக்கி இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தன. பூண்டு மூட்டை. நான் சொன்ன எடையைப்போல இரண்டு மடங்கு ஏற்றியிருக்கிறாய், படவா. நடுவில் இரண்டு, பக்கவாட்டில் தேய்ந்தவை. தண்ணீர் கேன் ஆடிய ஆட்டம். கடப்பாரையும் மண்வெட்டியும் மாட்டிய துளைகளைச் சுற்றிப் பெயின்ட் அரைவட்டமாகச் சுரண்டியிருந்தது. சந்தையன்று தார்ப்பாய்க்குக் கம்பு நட்ட துளைகளும் தெரிந்தன. ஒன்றில் கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை காலொடிந்த பெரியவர் ஒருவரைக் கயிற்றுக் கட்டிலோடு வண்டியின் குறுக்கே வைத்து, கட்டில் கால்களை இரண்டு பக்க ஆங்கிளிலும் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாயே, அந்தக் கயிற்று நார்கூட இருந்தது.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது, இரண்டைத் தவிர. ஒன்று, வலப்பக்கம் முன் நுனியில் கை டிரில்லால் கோணலாகப் போட்ட அந்த இரட்டைத் துளை. இன்னொன்று அதைவிட விசித்திரம். அதே ஆங்கிளில், ஏறும் வாசலுக்கு நேரே, ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்டே இல்லை. கீறலும் இல்லை. கோயில் மணியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது. இரும்போ கயிறோ பட்டால் அப்படித் தேயாது. இடப்பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஏன் வலப்பக்கம் மட்டும்?

"ரெண்டு ஓட்டைக்காகவா அண்ணே இம்புட்டு நேரம்? ஏரிக்கரையில ஆளு காத்துக் கெடக்கு" என்றார் உன் மச்சான்.

போன வருஷம் நானும் இப்படித்தான் அவசரப்பட்டேன். எவன் என் கணக்கில் கைவைத்தது என்று கத்தினேன். "நாந்தேன். ஒருநா மஞ்சு எறங்கையில எங்கூட வண்டியில வா, காட்டுறேன்" என்றாய். மூடுபனியில் வேடிக்கை பார்க்க எனக்கு நேரமில்லை என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

சந்தைப் பையின் கிழிசலைத் தைத்தபடி குனிந்தே இருந்த உன் மனைவி அப்போது தலை நிமிராமல் சொன்னாள்: "அது மீசைக்குங்கண்ணே."

"என்ன மீசை?"

"வண்டிக்கு மீசை. பூனைக்கு இருக்குல்ல, அது மாதிரி. மூங்கிலப் பொளந்து பட்டையா சீவி, அந்த ஓட்டையில முடுக்கிருவாக. அது வெளிய வளைஞ்சு, சக்கரத்துக்கு ஒரு மொழம் தள்ளித் தரையத் தேச்சுக்கிட்டே வரும். தேய்க்கிற வரைக்கும் தரை இருக்குன்னு அர்த்தம்."

எனக்கு உடனே புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. பட்டாள ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். ஓட்டுகிறவனுக்கு இடது ஓரம் தெரியும், வலது ஓரம் தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது பள்ளம் இருப்பது வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அளந்து கொடுத்துவிட்டு, பாதை ஒரே மாதிரி இல்லை என்பதை மறந்திருக்கிறேன்.

"எஞ்சின் சத்தத்தில் மூங்கில் தேய்கிறது எப்படிக் கேட்கும்?" என்றேன்.

"காதுல எங்கிட்டுக் கேக்கும்? காலுல." செருப்பைக் கழற்றிவிட்டு வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வெறுங்காலை வெளியே நீட்டி ஆங்கிளின் மேல் வைத்தாள். வழவழத்த அந்த ஒரு சாண் இடத்தில் பாதம் அச்சாகப் பொருந்தியது. "அதிர்வு நின்னுச்சுன்னா அவுக தொடையில ஒரு கிள்ளு. அவுக பிரேக்கு போட்ருவாக."

உன் மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூங்கிக் குச்சியையும் இவ காலையும் நம்பியா மாப்ள வண்டி ஓட்டுனாரு? எனக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரியுது."

"அறுக்கிறது சாயங்காலம். மஞ்சு இறங்கட்டும், ஒரு ஓட்டம் பார்ப்போம்" என்றேன். நானா சொன்னது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு மஞ்சு கண்ணை மறைத்தது. உன் மனைவி சொன்னபடி மூங்கில் பட்டை சீவிப் பூட்டி மேல்மலைப் பாதையில் கிளம்பினோம். மச்சான் ஸ்டியரிங்கில், அவள் வலது இருக்கையில், நான் பின்னால் ஆங்கிளைக் கையால் பற்றிக்கொண்டு. முதலில் எனக்கு எஞ்சின் நடுக்கம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு அடியில் வேறொன்று, நறநறவென்று, ரசத்துக்கு மிளகு நுணுக்குவதைப் போல. மூன்றாவது வளைவு தாண்டியதும் அது நின்றது. என் கைக்கு அது உறைக்கும் முன்பே, "ஆத்தாடி! ஏன்டி கழுத கிள்ளுற!" என்ற கத்தலோடு வண்டி நின்றுவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மழையில் ஓரக் கல் சரிந்து, பாதையே உள்ளே கடிக்கப்பட்டிருந்தது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் என் கையால் அளந்தேன். ஒரு சாண், இரண்டு விரல். உன் மச்சான் எட்டிப் பார்த்தார். பிறகு தொடையைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணே, அந்த ஆங்கிளு கெடக்கட்டும்" என்றார்.

உன் மனைவி என்னைப் பார்த்து, "அவுக உங்களக் கூப்ட்டாக, நீங்க வரலையின்னு ரொம்பச் சொல்லுவாக" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். அதுதான் தைத்தது.

இனி நான் செய்யப்போவது:

1. ரம்பத்தை ஆணியில் மாட்டுவது.

2. ஏறும் இடத்தில் ஆங்கிளின் விளிம்பை அரத்தால் மழுக்கி, கழற்றி மாட்டும்படி ஒரு மரப்பலகை பூட்டுவது. பகலில் சேலைக்குப் பலகை; மஞ்சு இறங்கினால், பாதம் இரும்பில் படும்படி, கழற்றிவிட வேண்டும்.

3. உன் கோணல் துளைகளை நேராக்காமல் விடுவது.

4. உன் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிற பழைய மீசையை வாங்கி, கனத்தையும் வளைவையும் அளந்து, அதே மாதிரி நான்கு சீவிக் கொடுப்பது.

5. மேல்மலைக்குப் போகிற மற்ற பட்டாள ஜீப்புகளிலும், கேட்பவர்களுக்கு மீசைத் துளை போட்டுக் கொடுப்பது. வலப்பக்கம் மட்டும்.

6. அடுத்த முறை மஞ்சு இறங்கும்போது, உன் மனைவி அனுமதித்தால், வலது இருக்கையில் உட்காருவது. செருப்பில்லாமல்.