மாப்பிள்ளையின் அட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து வீட்டில் நானும் மாப்பிள்ளையும்தான். நான் நலம். முழங்கால் மட்டும் வழக்கம்போல் முனகுகிறது. போனில் பேசினால் மாப்பிள்ளையின் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அவர் போக்கு கொஞ்ச நாளாகவே சரியில்லை, அம்மா. சாப்பாட்டைக் கொறிக்கிறார். பேருந்துப் பயணம் என்றாலே நழுவுகிறார். கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவரிடம் ஓர் அட்டையைக் காட்டி, காதோடு காதாக ஏதோ சொல்கிறார். உடனே 'பணியாளர்கள் மட்டும்' என்று எழுதிய கதவு திறக்கிறது. மருந்துக்கடையிலும் இதே கதை, துணிக்கடையிலும் இதே கதை. உள்ளே என்ன, சீட்டாட்டமா? ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான். தூங்குவதுபோல் நடிப்பவனை மூச்சு விடுவதை வைத்தே பிடித்தவன். என் காதிலேயே பூச்சுற்றுவதா?

துணிக்கடைப் பெண்ணிடம் நைசாக விசாரித்தேன். "அது அவர் விஷயம், அவரையே கேளுங்க சார்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். இவளும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

நேற்று அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். பெரிய கடை, வாசலில் புதுக் காவலாளி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஆளு நல்லாத்தானே இருக்கீங்க" என்றார். சரியான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. வேலையில் இருந்தபோது, சலுகை டிக்கெட்டில் வந்த எத்தனை பேரிடம் இதையே கேட்டிருப்பேன். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. ஆள் அகப்பட்டார் என்று நினைத்தேன். அப்போது, நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சொல்ல வேண்டியதாயிற்று: "குடல்ல நோய்ங்க, அதுக்கு டாக்டர் குடுத்த அட்டை இது. வெளிய பாத்தா தெரியாது. அடக்க முடியாது. கழிப்பறைக்கு விடுங்க." யாரோ சிரித்தார்கள்.

 அந்தப் பழைய அதட்டல் எங்கிருந்து வந்ததோ, "அட்டையில எழுதியிருக்கில்ல, கதவைத் திறங்க" என்றேன். திறந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார். வெளியே வருவதற்குள் நான் நழுவிவிட்டேன். குரலை அடையாளம் கண்டாரோ என்னவோ.

உனக்குத் தெரியும்தானே? எனக்கு மட்டும் ஏன் மறைத்தீர்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஊரில் உள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டிய அட்டையை இந்த வீட்டுக்குள் காட்டப் பயந்திருக்கிறார். யாருக்குப் பயந்து என்று யோசித்தேன். வேறு யார், எனக்குத்தான்.

வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. நான் காலையில் பேப்பரோடு உள்ளே போனால் எப்போது வருவேன் என்று உனக்கே தெரியும். இன்று அவர் எழுவதற்கு முன்பே என் வேலையை முடித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இனிமேலும் அப்படித்தான். அவருக்கு அதுவே சந்தேகம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன்.

நான் எழுதியதை அவரிடம் சொல்லாதே. அவராகச் சொல்லட்டும். ஆனால் அப்பாவிடம் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று, நீயாகச் சொல்வதுபோல், அவர் காதில் போட்டு வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா