ஒன்பதாம் எண் நிலம்

11 அக்டோபர் 1910
மழையில் நில அளவைச் சங்கிலி பிடித்து விரல் மரத்துவிட்டது. சொந்த ஊரையே அளக்கிறேன். இருபத்துமூன்று வீடு, நானூற்றுப் பன்னிரண்டு துண்டு நிலம். அப்பாவுக்கு மட்டும் பத்தொன்பது துண்டு. ஒன்றில் பசு படுத்தால் வால் பக்கத்துக்காரன் நிலத்தில் கிடக்கும். நிலப்பிரபுவிடமிருந்து எஸ்டேட்டை அரசாங்க நில வாரியம் வாங்கிவிட்டது. இனி துண்டுகளைச் சேர்த்து வீட்டுக்கு ஒரே பட்டையாகத் தருவார்கள். தவணை கட்டி முடித்தால் சொந்தம். ஆனால் நிலம் போதாது. ஒரு குடும்பம் வெளியேற வேண்டும். போகிறவர்களுக்கு முப்பது மைல் தள்ளி, பழைய மேய்ச்சல் பண்ணையில் ஒன்பதாம் எண்: முப்பத்திரண்டு ஏக்கர், கல்வீடு, ஸ்லேட்டுக் கூரை. கோடையில் அதை அளந்தவன் நான். மண்வெட்டி முழுசாக இறங்கியது. இங்கே பாதியிலேயே பாறை இடிக்கும்.

எழுதிக் கேளுங்கள் என்று அப்பாவிடம் ஜூலையிலேயே சொன்னேன்.

14 அக்டோபர்
ஃபெஸ்டஸ் எழுதிக் கேட்டுவிட்டான்.

16 அக்டோபர், ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயில் மதிலோரம் ஃபெஸ்டஸ் பிடித்துக்கொண்டான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என்னிடமிருந்து ஒன்பதாம் எண்ணின் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"அடுக்களைக்கு வெயில் எந்தப் பக்கம்டா வரும்?"

"தெற்கு."

"நீ அளந்த நிலம், அதான் தைரியமா கேட்டேன். இல்லாட்டி நானும் எங்கண்ணனும் இந்தப் பாறையப் பங்கு போட்டே செத்திருப்போம்."

சிரித்து வைத்தேன். இவனுக்கா? ஒரு சங்கிலிக்கு எத்தனை கண்ணி என்று தெரியாதவனுக்கா?

19 அக்டோபர்
அப்பாவோடு சண்டை. ஏன் கேட்கவில்லை?

"நிலத்தைக் கேட்டு வாங்கறதாடா? சீட்டுல விழணும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவ தொப்பியில போட்டு எடுத்துதானே துண்டு மாத்திக்கிறோம். நல்ல துண்டை வாய்விட்டுக் கேட்டவன் மூஞ்சியில ஊரு முழிக்காது."

"வாரியம் தொப்பியப் பாக்காதுப்பா. காகிதத்தப் பாக்கும்."

"அப்ப வாரியத்துக்கு வெக்கமில்ல."

ஒன்பதாம் எண்ணுக்கும் தொப்பி வரும் என்று மனுஷன் இத்தனை மாதம் காத்திருந்திருக்கிறார்.

2 நவம்பர்
செய்துவிட்டேன். என் மேலதிகாரி லாங்ஃபீல்டு துரையிடம் போய், "ஒன்பதாம் எண்ணைச் சீட்டுப் போடாமல் கொடுத்தால் ஊர் மறுபங்கீட்டுக்குக் கையெழுத்துப் போடாது" என்றேன். பாதி உண்மை. ஒரு வீடு முரண்டினாலும் மொத்த வேலையும் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். "உங்கள் ஜனங்கள்..." என்று ஆரம்பித்து, பைப்பைத் தட்டிவிட்டு, சரி என்றார்.

சீட்டைக் கேலி செய்தவன் நான்தான். இருபத்துமூன்றில் ஒரு வாய்ப்பு எங்களுக்கு. அதைவிட — அவனுக்கும் அதே ஒன்றுதான். உண்மையை எழுதுவதென்றால் இதுதான் தித்தித்தது.

ஃபெஸ்டஸ் சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். "சீட்டுன்னா சீட்டு, நியாயந்தானே" என்றானாம். அதுவும் எரிகிறது.

12 நவம்பர்
பள்ளிக்கூடத்தில் சீட்டு. வீட்டுக்கு ஒரு அடையாளம் தொப்பிக்குள் விழ வேண்டும். அப்பா ஆட்டு முட்டி எலும்பைப் போட்டார். ஃபெஸ்டஸ் ஒரு சிப்பி. மகள் டீலியாவோடு தனியாக இருக்கும் விதவை மாங்கனம்மா மட்டும் கையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்குப்பா முப்பது ஏக்கரு? என்னை விட்டுடு."

"எல்லா வீடும் போட்டாதான் சீட்டு செல்லும். போடுங்க" என்று அதட்டியவன் நான். புருஷனின் கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

எது யாருடையது என்று தெரியாத ஆள்தான் எடுக்க வேண்டும். துரை கையுறையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பொத்தான்.

நான் முதலில் பார்த்தது ஃபெஸ்டஸின் முகத்தை. தொங்கிப்போயிருந்தது. நிலம் எங்களுக்கும் போனது உறைக்காமல் நிம்மதியாக வீடு வந்தேன்.

9 ஜனவரி 1911
ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கலியாணம் கிடையாது; அது பிறப்பதற்குள் முடித்துவிட எல்லோரும் அலைகிற நாட்கள். தரகர் பார்ட்லி வந்தார். மாங்கனம்மா அனுப்பினாளாம்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. அந்த மண்ண அளந்த புள்ள. டீலியாவும் வேணாங்கல. வீட்டோட மாப்பிள்ளையாப் போயிடு, ஒன்பதாம் நம்பர் உனக்குத்தான்."

"பத்திரம் யார் பேர்ல?"

"மாமியா கண்ண மூடற வரைக்கும் மாமியா பேர்ல. அடுப்போரத்து நாற்காலியும் அவளுக்கு."

"அப்ப நான் கூலியாளா?"

"ஊர்ல பாதிப் பேரு பொண்டாட்டிக்குக் கூலியாளுதான். நீ என்ன தனியா?"

அப்பா சிரித்துவிட்டார். அதில்தான் எனக்குத் தலைக்கேறியது. மாமியார் வீட்டுச் சோற்றுக்கு நான் வளரவில்லை என்றேன். பார்ட்லி தொப்பியை எடுத்துக்கொண்டார். விஸ்கியை மிச்சம் வைக்கவில்லை.

10 ஜனவரி
சரியாகத்தான் சொன்னேன்.

சரியாகத்தானா?

21 ஜனவரி
பார்ட்லி எங்கள் வாசலிலிருந்து நேரே எங்கே போனார் என்று இன்று தெரிந்தது. பத்திரத்தைப் பற்றி ஃபெஸ்டஸ் வாயே திறக்கவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டானாம்: "அவங்க நாற்காலிய அடுப்புக்கு எந்தப் பக்கம் போடணுமாம்?"

28 பிப்ரவரி
கலியாணம். சளி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிடில் சத்தம் குன்றைத் தாண்டி வந்தது. டீலியா அழகி என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இன்றைக்கு ஏன் தோன்ற வேண்டும்?

3 ஏப்ரல்
மூன்று பேரும் வண்டியேறினார்கள். மாங்கனம்மா விட்டுப்போன நிலத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சேர்ந்தது. அப்பா மகிழ்ந்துபோனார். நான் எல்லை முளை அடித்தேன். பாறை.

9 மே
மாங்கனம்மா அலுவலகத்துக்கு வந்து பத்திரத்தை மருமகன் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டாளாம். யாரும் கேட்கவில்லையாம், அவளாகவே.

"நல்ல கையெழுத்து உன்னுடையதுதான்" என்று துரை தாளை என்னிடம் தள்ளினார். ஒன்பதாம் எண்ணின் வரைபடம், கீழே உரிமையாளர் பெயர். இரண்டு தாள் பாழாயிற்று. மூன்றாவதில் பிழையில்லை.

நாளைக் காலை ரயிலில் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

உள்ளே கூப்பிடுவான்.