பதினாறில் பாடும் குரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, மூட்டைக் கொக்கி பிடித்த கை பேனாவையும் அப்படித்தான் பிடிக்கிறது, சில வரிகள் மேலே ஏறியிருக்கும், சில கீழே சரிந்திருக்கும். திருத்தித் தருகிறேன் என்றார் முதியோர் வகுப்பு டீச்சரம்மா, என் மகளுக்கு நான் எழுதும் முதல் கடிதம், தப்போடு போகட்டும் என்று சொல்லிவிட்டேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்போதெல்லாம் தெருவில் ஒரு போர்டையும் நான் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டால், என்ன பெரியவரே, இன்னைக்கு எங்க கடைய படிச்சாச்சா என்று கேலி செய்கிறார். அப்படிப் போகையில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ‘பழைய இசைத்தட்டுகள்’ என்று ஒரு போர்டு. படிக்க வந்துவிட்ட மகிழ்ச்சியிலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். ஒரு தட்டின் உறையில் மனிதர் யாருமே இல்லை, ஒரு மரவேலியும் அதில் மாட்டிய தொப்பியும் மட்டும். இது என்ன என்று கேட்டதற்கு, வெளிநாட்டு கன்ட்ரி பாட்டுங்க, மாடு மேய்க்கிறவங்க, லாரி ஓட்டுறவங்க கேக்குறது என்றார் கடைக்காரர். லாரி என்று காதில் விழுந்ததும் உன் அண்ணன் நினைவு வந்துவிட்டது, அதற்குப் பிறகு வைத்துவிட்டு வர மனமில்லை. அதைப் போட்டுக் கேட்க ஒரு பாட்டுப் பெட்டியும் சேர்த்து வாங்கினேன். விலையை மட்டும் கேட்காதே.

லாரி கவிழ்ந்து உன் அண்ணன் போன பிறகு அம்மா எப்படி இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும், வைத்த சோறு வைத்தபடி ஆறிப்போகும், கேட்டால் பசியில்லை என்பாள். நான் பெட்டியை முன் அறையில் வைத்தேன். அதில் ஒரு திருகு, பக்கத்தில் 16, 33, 45, 78 என்று எண்கள். வகுப்பில் எதையும் முதல் பாடத்திலிருந்துதானே தொடங்குகிறோம், நானும் முதல் எண்ணில் வைத்தேன். கொஞ்ச நேரம் கரகரப்பு, பிறகு கிணற்றுக்குள் மணி அடிப்பதுபோல் கிதார், அதன் மேல் ஓர் ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் பாரம் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு. அம்மா ஈரக்கையைத் துடைக்காமல் வந்து நின்றாள். அவன்தாங்க என்றாள். பாஷை நமக்குத் தெரியாதது, ஆனால் லாரியைக் கழுவிக்கொண்டே அவன் முனகுவானே, அந்தக் குரல். பாட்டுக்கு முன்னால் மூச்சு இழுக்கும்போது அவன் மூக்கு விசிலடிக்கும், நீ குக்கர் குக்கர் என்று கேலி செய்வாய், அந்த விசிலும் இருந்தது. அன்று மதியம் அம்மா பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு அங்கேதான்.

இதற்கு மேல் எழுதுவதை அம்மாவுக்குச் சொல்லாதே. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ், எனக்குப் படிக்க முடிந்தது 33 என்ற எண் மட்டும்தான். பெட்டியிலும் 33 இருக்கிறதே என்று பாட்டு ஓடும்போதே திருகைத் திருப்பினேன். பளிச்சென்று ஒரு பெண் பாடினாள், கிதார் துள்ளிக்கொண்டு போனது. அந்த எண்கள் தட்டு சுற்றும் வேகம், மெதுவாகச் சுற்றவிட்டு ஒரு பெண்பிள்ளையின் குரலையா இத்தனை நாள் கேட்டோம் என்று புரிந்துவிட்டது, நானே படித்துக் கண்டுபிடித்தேன் என்ற பெருமையில் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் ஏற்கெனவே வாசற்படியில் நின்றிருந்தாள், கையில் வாளி. யாருங்க இவ, அவன எங்க அனுப்பினீங்க என்று கேட்டாள். நான் திருகை 16-க்குத் திருப்பினேன். அந்தப் பெண்ணின் குரல் பாதிச் சொல்லில் படியிறங்குவதுபோல் இறங்கி இறங்கி உன் அண்ணனாக நின்றது. அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

இந்தப் பாட்டை நீ போனில் கேட்டால், அப்பா இது வேகம் தப்பு என்று உடனே சொல்லிவிடுவாய். அம்மாவிடம் சொல்லிவிடாதே மகளே. அவள் சாப்பிடுகிறாள், அதுபோதும். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து 33-இல் தேடிப் பார்த்தேன், அந்த மூக்கு விசில் எங்கேயும் இல்லை. 16-இல் வைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இருக்கிறது. மாப்பிள்ளை இந்த மாதிரி விஷயம் தெரிந்தவர், அவரிடம் கேட்டு எழுது.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தத் தட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, நாங்கள் இன்னும் போடவில்லை, எனக்குத்தான் பயம். அம்மா விடமாட்டேன் என்கிறாள், அவன் சொல்ல வந்தத அந்தப் பக்கம்தான் சொல்லியிருப்பான் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போடுவதாக ஒத்துக்கொண்டேன். என்ன கேட்டது என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அப்பா