கடைக்காரர்களுக்கும் பசிக்கும்

வாய் ஓயாத என் நூர் அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சண்டை போட நீ இல்லாததுதான் குறை. இன்று உன்னிடம் ஒரு பஞ்சாயத்து கொண்டுவந்திருக்கிறேன். உன் மகள் ஷபானாவைப் பற்றியது.

காலையில் கையில் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கு வந்தாள். "சின்னம்மா, அம்மாவோட வளையல் கடை முன்ன மாதிரி ஓடல. பௌர்ணமி அன்னிக்குக் கிரிவலப் பாதையில குஸ்கா போடலாம்னு இருக்கேன். கறி கிறி ஒண்ணும் கிடையாது, காய் போட்டதுதான். கடைக்காரங்களுக்கு விக்கலாம்னு. நீங்க சரின்னா போடறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர்களுக்குச் சோறு போடுவதுதானே என் பிழைப்பு! அதே பாதையில், அதே ஆட்களுக்கு அவளும் போட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்காரர் வேறு, "நம்ம நூரக்கா பொண்ணுதான், அதுக்குன்னு நம்ம வயித்துல நாமளே அடிச்சுக்க முடியுமா?" என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அந்த முதல் பௌர்ணமிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

கிரிவலக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் பெருகப் பெருகக் கடைகளும் பெருகின. அடி அண்ணாமலைப் பக்கம் டீ, சுண்டல், இளநீர், பொம்மை, பொரி என்று பாதை முழுக்க ஈ நுழைய இடமில்லை. எங்கள் நிலத்தில் அந்த வருஷம் ஒன்றும் விளையவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கு மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் பௌர்ணமிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுப் பார்ப்போம், ஓடாவிட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுவோம் என்பதுதான் எங்கள் முடிவு.

இடம் தேடிப் போனால் மலையை ஒட்டிய பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. அடடா, இவ்வளவு நல்ல இடத்தை ஒருத்தரும் பிடிக்கவில்லையே, எல்லாம் அண்ணாமலையார் நமக்கென்று வைத்தது என்று பூரித்துப்போனேன். இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம் எல்லாவற்றையும் குண்டான் குண்டானாக இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

கூட்டம் வந்தது. வந்த கூட்டம் இடது பக்கமாகவே போனது. மலைப் பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் பக்கம் என்று எல்லாரும் ஒதுங்கித்தானே நடப்பார்கள்! நானே எத்தனை தடவை சுற்றியிருப்பேன், ஒரு தடவையாவது வலது பக்கம் தாண்டிப் போய் ஏதாவது வாங்கியிருக்கிறேனா? புத்தி எங்கே போயிற்று எனக்கு? பொழுது சாயும்வரை ஒரு இட்லிகூடப் போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து வளையல் கடையிலிருந்து நீ வந்தாய். அதுவரை உன்னை எனக்கு யாரென்றே தெரியாது.

"ஏம்மா, இங்க வந்து யாராவது கடை வெப்பாங்களா? இந்தப் பக்கம் சித்தருங்கதான் வருவாங்க. அவங்க இட்லி துன்ன மாட்டாங்க."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை கடைக்கு நடுவுல என் கடைக்கு யாருக்கா வரப்போறாங்க?" என்றேன்.

"இத்தனை கடை, இத்தனை கடைன்னு அழுவுறியே, இந்தக் கடைக்காரங்களுக்கெல்லாம் இன்னா, வயிறு இல்லையா? காலையிலேருந்து எழுந்திரிக்க முடியாம குந்திக்கினு கிடக்கிறோம். எழுந்தா இடம் போயிடும். இருக்கிற பொரியையும் சுண்டலையும் எத்தினி நேரம் துன்றது? எடு குண்டானை!"

என் வீட்டுக்காரரை உன் வளையல்களுக்கு நடுவே உட்காரவைத்தாய். பாவம் மனுஷன், கை நீட்டி வந்த பெண்களிடமெல்லாம் "அக்கா வந்துடுவாங்க, செத்த இருங்க" என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். குண்டானின் ஒரு காதை நீயும் மறு காதை நானும் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம். "சுடச்சுட சாம்பார் சாதம்! இருந்த இடத்துக்கே வருது!" என்று நீ போட்ட சத்தத்தில் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

டீக்கடை ஏழுமலை மட்டும், "இருக்கிற கூட்டத்துல இது வேறயா?" என்று முனகினார். நீ விடுவாயா? "வெறும் டீயைக் குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாப் போச்சு. சோறு துன்னா உன் டீ இன்னும் ரெண்டு ஜாஸ்திதான் போவும்" என்றாய். கடைசியில் அவரும் ஒரு தையல் இலையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் குண்டான்கள் எல்லாம் காலி. உன் கடையில் அன்று நல்ல வியாபாரம் நடக்கிற நேரம் முழுக்க எனக்காகப் போயிற்று. ஏன் அக்கா அப்படிச் செய்தாய்? முன்பின் தெரியாதவளுக்கு?

நாங்கள் பெங்களூர் போகவில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் கடைக்காரர்களே, "சாம்பார் சாதம் எனக்கு எடுத்து வெச்சிடுங்க" என்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள். இன்றுவரை அதுதான் எங்களை வாழவைக்கிறது. மூத்தவள் கவிதா நர்சிங் முடிக்கப்போகிறாள். அவள் வெள்ளைக் கோட்டு போட்டு வந்து நிற்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நீ இருந்தபோது சொன்னேனா? எங்கே சொன்னேன்! நீ ஒவ்வொரு பௌர்ணமியும் என் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு "உப்பு கம்மி" என்பாய், நான் "நாக்குல நெருப்பை வெக்க" என்பேன். அதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. சர்க்கரை வியாதி உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கியபோதுகூட ஆஸ்பத்திரிக்கு வந்து சண்டைதான் போட்டேன்.

மத்தியானம் ஷபானாவின் தூக்குச்சட்டியைத் திறந்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அந்தக் குஸ்காவில் ஒரு வாய் வைத்தேன். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், பாவி மகள் என்னைவிட நன்றாகச் சமைக்கிறாள். சட்டியை வழித்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். என் ஆட்களில் பாதிப் பேர் அவளிடம் போகலாம். போனால் எனக்கு வயிறு எரியும், அவளை நாலு வார்த்தை திட்டவும் செய்வேன். அவளும் உன் வாயோடுதான் பிறந்திருக்கிறாள், திருப்பித் தருவாள். ஆனால் அவளிடம் வேண்டாம் என்று சொல்ல என் வாயில் வார்த்தை வரவில்லை. நீ இல்லையென்றால் நான் பெங்களூரில் எந்தக் கட்டடத்திலோ செங்கல் சுமந்துகொண்டிருப்பேன். உன் பிள்ளை பிழைக்க வழி கேட்டு என் வாசலில் வந்து நிற்கும்போது நான் கணக்குப் பார்த்தால் அது எந்த ஊர் நியாயம்?

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். வேறு எங்கேயும் வேண்டாம், என் பக்கத்திலேயே அடுப்பு வைக்கட்டும். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். வருகிற பௌர்ணமிக்கு உன் மகள் குஸ்காவை அடுப்பிலிருந்து இறக்கியதும், அவள் கையில் காசு வைத்து முதல் போணி பண்ணப்போவது நான்தான்.

உன் மகளுக்குச் சின்னம்மாவான
உன் தங்கச்சி,
சரளா