ஜில்லுனு வந்த காத்து

என் கண்ணு சிட்டுவுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் உங்க அப்பாவும் உசுரோட, கை கால் முழுசா இருக்கோம், அதை முதல்ல படிச்சு மூச்சு விட்டுட்டு மத்ததைப் படி. நீயும் நல்லா இருக்கணும். நேத்து அடிச்ச சூறைக்காத்துல கம்பமெல்லாம் சாஞ்சு, தெரு முழுக்க போன் செத்துக் கிடக்கு, அதான் கடிதாசி. எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே, கரண்டும் இல்ல, விளக்கு வெளிச்சத்துல எழுதுறேன்.

முந்தாநாள் உன் வானிலை ஆபீஸ்ல இருந்து போன்ல நீ ஒண்ணு சொன்னியே, ஒரே இடத்துல பல நாள் தங்குற காத்து அந்த இடத்துக் குணத்தையே வாங்கிக்கும்னு, கடல் மேல தங்கினா ஈரம், தரை மேல தங்கினா வறட்சி, சூடான பக்கம்னா சூடு, குளிர்ந்த பக்கம்னா குளிர்னு. உங்க அப்பா அவர் அக்கா வீட்டுல நாலு நாள் தங்கிட்டு வந்தா அதிகாரம் பண்ணுவாரே, அது மாதிரியான்னு கேட்டேன், சிரிச்சே. இப்ப உங்க மேல உக்காந்திருக்கிறது கடல்ல இருந்து வந்த சூடான ஈரக்காத்து, தரைப் பக்கமிருந்து காஞ்ச குளிர்காத்து ஒண்ணு வருது, குளிர்ந்தது கனம், அடியில நுழைஞ்சு சூட்டை மேல தூக்கும், அப்பதான் புயலடிக்கும், அதனால திடீர்னு ஜில்லுனு வீசினா சுகமா இருக்கேன்னு வெளியே நிக்காதீங்கன்னு சொன்னே. அப்பாகிட்ட சொன்னேன். காத்துக்கு ஜாதகம் எழுதவா இவளை அவ்வளவு தூரம் அனுப்பினோம்னார். அவர் பேச்சு உனக்குத் தெரியாததா.

நேத்து பூரா புழுக்கம் தாங்கல. அவர் மொட்டை மாடியில நாற்காலியைப் போட்டு, ரிப்பேருக்கு வந்த தையல் மிஷினைப் பிரிச்சு எண்ணெய் விட்டுட்டிருந்தார். சாயங்காலம் ஜில்லுனு ஒரு காத்து. தெருவே வெளியே வந்துடுச்சு, எதிர்த்த அச்சாபீஸ்காரர் சட்டையைக் கழட்டிட்டு வாசல்ல நின்னார். எனக்கும் அப்பாடான்னுதான் இருந்தது. அப்புறம்தான் உன் பேச்சு ஞாபகம் வந்தது. அச்சாபீஸ்காரரை உள்ளே போங்கன்னு கத்தினேன், போயிட்டார். மாடியில இருந்த உங்க அப்பாவைக் கூப்பிட்டா, இப்பதான் உடம்பு ஆறுது, உன் வேலையைப் பாருங்கிறார். ஒரு பக்கம் வானம் கறுத்துக்கிட்டே வருது. வேற வழி தெரியாம, சிட்டு போன்ல இருக்கா, சீக்கிரம் வாங்கன்னு பொய் சொன்னேன். எண்ணெய்க் கையோட தடதடன்னு இறங்கி வந்து ரிசீவரைப் பிடிச்சு சிட்டு, சிட்டுன்னார். மேல படார்னு ஒரு சத்தம். அச்சாபீஸ் கூரைத் தகரம் பறந்து வந்து விழுந்திருக்கு. போய்ப் பாத்தேன், அவர் முதுகு சாய்ச்சிருந்த இடத்துல தகரம் செருகி நிக்குது சிட்டு. நாற்காலி ரெண்டா கிடக்கு. அங்கேயே உக்காந்துட்டேன்.

அப்புறம் அவரே அந்தத் தகரத்தைப் பிடுங்கி ஓரமா வெச்சார். இன்னைக்குக் காலையில, பாவம், புள்ள என்னமோ சொல்ல வந்தா, அதுக்குள்ள லைன் போயிடுச்சுன்னார். நானும் ஆமான்னுட்டேன்.

நீ அங்கே தனியா இருக்கே, ஊருக்கெல்லாம் சொல்றவ, உனக்கு யாரு சொல்லுவா, நீயும் நேரத்தோட உள்ளே போயிடு. நோய் நொடி இல்லாம தீர்க்காயுசா இரு கண்ணு. ஒண்ணு மறந்துடாதே. போன் சரியானதும் முதல்ல அவர்தான் உன்னைக் கூப்பிடுவார், அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்னு கேப்பார். நான் பேசவே இல்லையேன்னு சொல்லிடாதே. மாடியை விட்டு உள்ளே வாங்கப்பான்னு சொல்ல வந்தேன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா